ஓடுற வண்டி திடீர்னு ஆஃப் ஆகுதா? மெக்கானிக்கிடம் போகும் முன் கவனிக்க வேண்டியவை

காலை எட்டரை மணிக்கு வேலப்பன்சாவடி சந்திப்பைக் கடப்பவர்களுக்கு அந்த நெரிசல் பழக்கமானது. திருவேற்காடு பக்கமிருந்து வரும் பைக்குகள், ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் போகும் கம்பெனி பஸ்கள், பெங்களூரு லாரிகள் எல்லாம் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் ஒன்றாக வந்து சேரும் நேரம் அது. அந்த நேரத்தில் நம் வண்டி ‘பட்’டென்று ஆஃப் ஆனால், பின்னால் வரும் லாரிக்காரருக்கு அதைப் புரிந்துகொண்டு பிரேக் பிடிக்கக் கிடைப்பது ஓரிரு விநாடிகள்தான்.

ஓரமாகத் தள்ளி நிறுத்தி, இரண்டு நிமிடம் கழித்து செல்ஃப் அடித்தால் ஸ்டார்ட் ஆகிவிடும். சாயந்திரம் மெக்கானிக்கிடம் கொண்டுபோனால் அங்கே ஒரு தொந்தரவும் இல்லாமல் ஓடும். “நல்லாத்தானே சார் ஓடுது? எதுக்கும் பிளக் மாத்திடலாம்” என்பார் அவர். பிளக் மாறும். நான்கு நாள் கழித்து மறுபடியும் அதே இடத்தில் வண்டி நிற்கும். அடுத்து கார்பன் கிளீனிங், அப்புறம் சென்சார், அதற்குப் பிறகு பியூவல் பம்ப். செலவு சில நூறிலிருந்து பல ஆயிரத்துக்குப் போயிருக்கும், பிரச்சினை மட்டும் அப்படியே இருக்கும்.

விட்டுவிட்டு வரும் கோளாறு என்பதால்தான் இந்தத் தலைவலி. மெக்கானிக் பார்க்கும்போது வண்டி நிற்காது, அது நின்றதைப் பார்த்த ஒரே சாட்சி நீங்கள்தான். நீங்கள் சொல்லும் தகவல் எவ்வளவு துல்லியமாக இருக்கிறதோ அவ்வளவு சீக்கிரம் காரணம் பிடிபடும். அந்தத் தகவலைக் காது கொடுத்துக் கேட்டு, சோதித்துப் பார்த்த பிறகே பார்ட்ஸில் கை வைக்கும் கடைதான் நம்பத் தகுந்த கடை.

நடுரோட்டில் நின்றால் முதலில் என்ன செய்வது?

காரணத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதல் வேலை, உயிரோடு ஓரத்துக்கு வருவது.

• பைக்: கிளட்ச்சைப் பிடித்தால் இருக்கும் வேகத்திலேயே வண்டி உருண்டு வரும். கண்ணாடியைப் பார்த்து, இண்டிகேட்டர் போட்டு இடது ஓரம் வாருங்கள். ஓடும் பாதையிலேயே நின்று செல்ஃப் அடித்துக்கொண்டிருக்க வேண்டாம்.

• கார்: எஞ்சின் நின்றால் ஸ்டீயரிங் கனமாகிவிடும், ஆனால் திரும்பும். பிரேக் பூஸ்டரில் மிச்சமிருக்கும் வேக்குவம் ஓரிரு முறை மிதிப்பதற்குத்தான் போதும். விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே சீராக அழுத்துங்கள். வண்டி உருளும்போது சாவியை வெளியே எடுக்கவே கூடாது, ஸ்டீயரிங் லாக் ஆகிவிடும். ஹஸார்டு லைட்டைப் போடுங்கள்.

• ஓரத்தில் நிறுத்திய பிறகு காருக்குள் உட்கார்ந்திருக்க வேண்டாம். சாலையை விட்டுத் தள்ளி நில்லுங்கள். தேசிய நெடுஞ்சாலை என்றால் நெடுஞ்சாலை ஆணையத்தின் 1033 என்ற உதவி எண்ணை அழைக்கலாம். உங்கள் இன்சூரன்ஸ் பாலிசியில் ‘ரோடுசைடு அசிஸ்டன்ஸ்’ இருக்கிறதா என்று இன்றைக்கே பார்த்து, அந்த எண்ணை போனில் சேமித்துக்கொள்ளுங்கள்.

எஞ்சின் ஏன் நிற்கிறது?

பெட்ரோல் எஞ்சின் ஓடுவதற்கு மூன்று விஷயங்கள் போதும்: காற்று, பெட்ரோல், சரியான நேரத்தில் ஒரு பொறி. இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் எஞ்சின் திணறும், அறவே இல்லாவிட்டால் நின்றுவிடும். டீசலில் பொறி கிடையாது. அதனால் டீசல் வண்டி நின்றால் முதல் சந்தேகம் டீசல் வரும் பாதையின் மீதுதான்.

பழைய பைக்கில் காற்றையும் பெட்ரோலையும் கலக்கும் வேலையை கார்புரேட்டர் செய்தது. 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்-6 விதி வந்த பிறகு, புதிய பெட்ரோல் பைக், ஸ்கூட்டர்கள் பெரும்பாலும் பியூவல் இன்ஜெக்‌ஷனுக்கு மாறிவிட்டன. இப்போது எவ்வளவு பெட்ரோல், எந்த நொடியில் பொறி என்பதை முடிவு செய்வது ‘இசியு’ என்ற சின்னக் கம்ப்யூட்டர். அதற்குத் தகவல் தருபவை சென்சார்கள். எனவே காற்று, பெட்ரோல், பொறி மூன்றோடு நான்காவதாக மின்சாரமும் ஒயரிங்கும் சேர்ந்துவிட்டன. லூஸான ஒரு பேட்டரி டெர்மினல்கூட இன்றைய வண்டியை நிறுத்திவிடும்.

பேட்டரி படுத்துவிட்ட பழைய பைக்கைத் தள்ளி ஸ்டார்ட் செய்தோமே, அது இன்ஜெக்‌ஷன் வண்டியில் பலிக்காமல் போவதற்கும் இதுதான் காரணம். டேங்குக்குள் இருக்கும் பம்ப் ஓடவே கரண்ட் வேண்டும்.

எப்போது நிற்கிறது? இந்தக் கேள்விதான் முக்கியம்

“வண்டி நின்னு நின்னு போகுதுண்ணா” என்று மட்டும் சொன்னால் மெக்கானிக்கிடம் இருபது காரணங்கள் இருக்கும். “சிக்னலில் நிற்கும்போது மட்டும் ஆஃப் ஆகுது, ஓடும்போது ஒண்ணும் இல்ல” என்றால் அது நான்கைந்தாகக் குறைந்துவிடும். உங்கள் வண்டி கீழே உள்ளதில் எந்த வகை என்று பாருங்கள்.

1. சிக்னலில், ஆக்சிலரேட்டரை விட்டவுடன் நிற்கிறது

ஐட்லிங் பிரச்சினை. இன்ஜெக்‌ஷன் வண்டியில் த்ராட்டில் பாடியில் கார்பன் படிந்திருக்கலாம், ஐட்லிங்கைக் கட்டுப்படுத்தும் வால்வு ஒட்டிக்கொண்டிருக்கலாம், எங்காவது ரப்பர் குழாய் வெடித்து உள்ளே கூடுதல் காற்று போகலாம். கார்புரேட்டர் வண்டியில் ஸ்லோ ஜெட் அடைப்பும் ஐட்லிங் ஸ்க்ரூவும் வழக்கமான காரணங்கள். அதிகம் ஓடிய பைக் என்றால் வால்வு கிளியரன்ஸ் பார்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் சுத்தம் செய்து சரிப்படுத்துவதோடு முடிகிற வேலை இது.

2. இருபது, முப்பது நிமிடம் ஓடிச் சூடானதும் நிற்கிறது, ஆறியதும் ஸ்டார்ட் ஆகிறது

மெக்கானிக்குகளை அதிகம் அலைக்கழிக்கும் வகை. கிராங்க் ஷாஃப்ட் சென்சார், இக்னிஷன் காயில், பியூவல் பம்ப் ஆகிய மூன்றும் சூட்டில் செயலிழந்து, ஆறியதும் வேலை செய்யக்கூடியவை. குளிர்ந்த வண்டியைச் சோதித்தால் எல்லாம் சரியாகவே இருக்கும். எனவே கடைக்கு ஓட்டிச் சூடாக்கிக் கொண்டுபோக வேண்டும், அல்லது மெக்கானிக்கே ஓட்டிப் பார்க்க வேண்டும். இதில் செலவே இல்லாத ஒரு சந்தேகமும் உண்டு. பெட்ரோல் டேங்க் மூடியில் காற்று போகும் சின்னத் துளை அடைத்திருந்தால், பெட்ரோல் குறையக் குறைய உள்ளே வெற்றிடம் உருவாகி பெட்ரோல் இறங்காது. வண்டி நின்றதும் மூடியைத் திறந்தால் ‘உஸ்’ என்று காற்று உள்ளே போகிறதா, பிறகு வண்டி ஓடுகிறதா என்று கவனியுங்கள்.

3. வேகமெடுக்கும்போது, மேம்பாலம் ஏறும்போது திணறி நிற்கிறது

எஞ்சினுக்கு அதிக பெட்ரோல் தேவைப்படும் நேரம் இது. பியூவல் ஃபில்டர் அடைப்பு, பம்பில் பிரஷர் குறைவு, ஏர் ஃபில்டர் அடைப்பு ஆகியவை முதல் சந்தேகங்கள். எப்போதும் ரிசர்வில் ஓட்டுபவர்கள் கவனிக்க: டேங்குக்குள் இருக்கும் பம்பைக் குளிர வைப்பதே அதைச் சுற்றியுள்ள பெட்ரோல்தான். அம்பது ரூபாய்க்குப் போட்டு ஓட்டும் பழக்கம் பம்பின் ஆயுளைக் குறைக்கும்.

4. குழியில் இறங்கும்போது, ஸ்பீடு பிரேக்கரில், ஹேண்டிலைத் திருப்பும்போது நிற்கிறது

ஏறக்குறைய நிச்சயமாக ஒயரிங்தான். பேட்டரி டெர்மினல், எர்த் ஒயர், இக்னிஷன் சுவிட்ச், சைடு ஸ்டாண்டு சுவிட்ச், ஹேண்டில் பக்கம் வளைந்து தேய்ந்த ஒயர். இதற்கு ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் போவதே நேர்வழி.

இது சின்ன விஷயம் இல்லை. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் கார்கள் சிலவற்றில் இக்னிஷன் சுவிட்ச் தளர்வாக இருந்தது. கனமான சாவிக்கொத்து தொங்கினாலோ, காலோ முட்டியோ தட்டினாலோ சாவி தானாகத் திரும்பி, ஓடும்போதே எஞ்சின் நின்றது. கூடவே ஏர்பேக்குக்கும் மின்சாரம் போய்விட்டது. 2014-ல் அந்த நிறுவனம் சுமார் 26 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது. இந்தக் கோளாறால் 124 பேர் இறந்ததாக நஷ்டஈட்டு நிதியம் ஏற்றுக்கொண்டது. 2015-ல் அமெரிக்க அரசுடனான வழக்கை முடிக்க நிறுவனம் ஒப்புக்கொண்ட தொகை 90 கோடி டாலர். வீட்டுச்சாவி, பீரோ சாவி, பொம்மை எல்லாம் வண்டிச் சாவியோடு தொங்குகிறதா? கழற்றிவிடுங்கள்.

5. மழையில், தண்ணீர் சர்வீஸுக்குப் பிறகு நிற்கிறது

பிளக் கேப், காயில் ஒயர், கனெக்டர்களில் ஈரம் ஏறியிருக்கலாம். காய்ந்ததும் சரியாகும், ஆனால் அடுத்த மழையில் திரும்ப வரும். வெடித்த கேப்பை மாற்றுவதுதான் தீர்வு.

தண்ணீர் தேங்கிய சாலையில் வண்டி நின்றுவிட்டால் கதையே வேறு. மறுபடி ஸ்டார்ட் செய்யவே கூடாது. ஏர் ஃபில்டர் வழியாக சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால், காற்றைப் போலத் தண்ணீரை அழுத்த முடியாது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். 2015 டிசம்பர் வெள்ளத்தையும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையையும் பார்த்த சென்னைக்கு இதைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. தள்ளிக்கொண்டு வெளியே வந்து, இழுத்துச் செல்ல ஆள் கூப்பிடுங்கள். ‘எஞ்சின் புரொடெக்ட்’ என்ற கூடுதல் காப்பீடு இல்லாத பாலிசிகளில் இந்தச் சேதத்துக்கு கிளெய்ம் கிடைப்பது கஷ்டம்.

6. பெட்ரோல் போட்ட சில கிலோமீட்டரில் நிற்கிறது

பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்கலாம். எத்தனால் கலப்பு 20 சதவீதத்தை எட்டிய பிறகு இதை அதிகம் கவனிக்க வேண்டியிருக்கிறது. எத்தனால் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். அளவுக்கு மேல் தண்ணீர் சேர்ந்தால் எத்தனாலும் தண்ணீரும் பிரிந்து டேங்கின் அடியில் தங்கிவிடும். பம்ப் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான். கொஞ்சம் பெட்ரோலை ஒளி ஊடுருவும் பாட்டிலில் பிடித்து வைத்தால் இரண்டு அடுக்காகப் பிரிவது கண்ணுக்கே தெரியும். இதை மெக்கானிக்கிடமே செய்யச் சொல்லுங்கள், வீட்டில் வேண்டாம்.

பெட்ரோல் பங்க்கில் ஃபில்டர் பேப்பர் சோதனையும் அடர்த்திச் சோதனையும் கேட்டுப் பார்க்க வாடிக்கையாளருக்கு உரிமை உண்டு. ஃபில்டர் பேப்பர் கலப்படத்தைக் காட்டும். தண்ணீருக்கு, நிலத்தடி டேங்கில் விடும் அளவுகோலில் ஒரு பசை தடவிப் பார்ப்பார்கள். பில்லைக் கையில் வைத்திருந்தால்தான் பிறகு பேச முடியும்.

7. காலையில் முதல் முறை மட்டும் நிற்கிறது

பேட்டரி பலவீனம், பழைய பிளக், சோக் சரியாக வேலை செய்யாதது, இன்ஜெக்‌ஷன் வண்டியில் வெப்பநிலை சென்சார். ஒரு மல்டிமீட்டர் போதும். வண்டி ஆஃப்பில் இருக்கும்போது பேட்டரி 12.6 வோல்ட் அளவிலும், ஓடும்போது 13.5 முதல் 14.5 வோல்ட் வரையும் காட்ட வேண்டும். ஓடும்போதும் 12-லேயே நின்றால் சார்ஜிங்கில் கோளாறு. புது பேட்டரி போட்டாலும் சில நாளில் அதுவும் படுத்துவிடும்.

காசு செலவில்லாத ஐந்து நிமிடப் பரிசோதனை

கடைக்குக் கிளம்பும் முன் இவற்றை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

• சைடு ஸ்டாண்டு முழுசாக மடங்கியிருக்கிறதா? பல புதிய வண்டிகளில் ஸ்டாண்டு இறங்கியிருந்தால் எஞ்சின் நின்றுவிடும். அந்த சுவிட்ச்சில் சேறு ஒட்டினாலும் அப்படித்தான்.
• கில் சுவிட்ச்சில் தெரியாமல் கை பட்டதா?
• பெட்ரோல் உண்மையிலேயே இருக்கிறதா? மீட்டர் முள்ளை மட்டும் நம்ப வேண்டாம்.
• உங்கள் வண்டியில் சிக்னலில் தானாக ஆஃப் ஆகி, ஆக்சிலரேட்டரோ கிளட்ச்சோ கொடுத்ததும் தானாக ஸ்டார்ட் ஆகும் வசதி இருக்கிறதா? அது கோளாறே இல்லை.
• பேட்டரி டெர்மினல் ஆடுகிறதா, வெள்ளையாகப் பூத்திருக்கிறதா?
• மீட்டரில் மஞ்சள் நிற எஞ்சின் லைட் எரிகிறதா? எரிந்தால் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்கேனர் சொன்னால் சரியாகத்தான் இருக்குமா?

எஞ்சின் லைட் எரிந்தால், இசியு ஏதோ ஒரு பிழையைக் குறித்து வைத்திருக்கிறது என்று பொருள். ஸ்கேனரைச் செருகினால் அது ஒரு எண்ணாக வரும். உதாரணத்துக்கு, கார்களில் பி0335 என்றால் கிராங்க் ஷாஃப்ட் சென்சார் சர்க்யூட், பி0300 என்றால் சிலிண்டர்களில் மிஸ்ஃபயர், பி0171 என்றால் கலவையில் பெட்ரோல் குறைவு.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். பி0335 வந்ததும் “சென்சார் போச்சு சார்” என்று முடிவு கட்டுவது தவறு. அந்த எண் சொல்வது அந்தச் சர்க்யூட்டில் கோளாறு என்பதை மட்டும்தான். சென்சார் கெட்டிருக்கலாம், அதற்குப் போகும் ஒயரை எலி கடித்திருக்கலாம், கனெக்டரில் பச்சை பூத்திருக்கலாம். பி0171-க்கும் அப்படியே: வெடித்த ரப்பர் குழாயும் காரணமாக இருக்கலாம், பலவீனமான பம்பும் காரணமாக இருக்கலாம். ஸ்கேனர் தெருவைக் காட்டும், வீட்டைக் கண்டுபிடிக்கும் வேலை மெக்கானிக்கினுடையது. அதற்கு அவர் மல்டிமீட்டரைத் தொட வேண்டும், பியூவல் பிரஷர் கேஜ் மாட்டிப் பார்க்க வேண்டும், ஒயரை ஆட்டிப் பார்க்க வேண்டும்.

பிழைக் குறியீட்டை முதலில் படம் எடுத்துக்கொள்ளாமல் அழிக்க விடாதீர்கள். அழித்துவிட்டால் அதோடு பதிவான சாட்சியமும் போய்விடும்.

தவறு கம்பெனியுடையதாகவும் இருக்கலாம்

வண்டி நிற்பதற்கு உங்கள் பராமரிப்பு காரணமே இல்லாமலும் இருக்கலாம். 2020 ஜூலையில் மாருதி சுசுகி, பியூவல் பம்ப் குறைபாட்டுக்காக வேகன்-ஆர், பலேனோ கார்கள் 1,34,885-ஐத் திரும்ப அழைத்தது. ஹோண்டா கார்ஸ் இந்தியா 2020 ஜூனில் 65,651 கார்களுக்கும், 2024 அக்டோபரில் 90,468 கார்களுக்கும் பியூவல் பம்பை இலவசமாக மாற்றித் தருவதாக அறிவித்தது. பம்புக்குள் இருக்கும் இம்பெல்லரில் குறை, அதனால் எஞ்சின் நின்றுபோகலாம் அல்லது ஸ்டார்ட் ஆகாமல் போகலாம் என்பதுதான் ஹோண்டா சொன்ன காரணம்.

வாங்கி எத்தனை வருடம் ஆனாலும், நீங்கள் இரண்டாவது உரிமையாளராக இருந்தாலும், ரீகால் வேலைக்குக் காசு கிடையாது. ஆர்.சி. புத்தகத்தில் உள்ள சேஸிஸ் எண்ணைக் கம்பெனி இணையதளத்தில் போட்டால் உங்கள் வண்டி அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். பழைய கார் வாங்கியவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும், ஏனென்றால் கம்பெனி அனுப்பும் கடிதம் பழைய முகவரிக்குத்தான் போயிருக்கும்.

நம்பிக்கையான கடையைக் கண்டுபிடிப்பது ஏன் இவ்வளவு கஷ்டம்?

ஓட்டலில் சாப்பாடு சரியில்லை என்றால் நாக்குக்குத் தெரியும். மெக்கானிக் மாற்றிய பார்ட் உண்மையிலேயே கெட்டுப்போயிருந்ததா என்று, வண்டி சரியான பிறகும் நமக்குத் தெரியாது. என்ன வேலை தேவை என்று சொல்பவரும் அவரே, அந்த வேலையைச் செய்து காசு வாங்குபவரும் அவரே. மைக்கேல் டார்பி, எடி கார்னி என்ற இரு பொருளாதார அறிஞர்கள் 1973-லேயே இப்படிப்பட்ட சேவைகளைத் தனி வகையாகப் பிரித்துக் காட்டினார்கள். டாக்டர், மெக்கானிக் எல்லாம் இந்த வகையில்தான் வருவார்கள்.

அதற்கும் முன்பே, 1941-ல் அமெரிக்காவின் ரீடர்ஸ் டைஜஸ்ட் பத்திரிகை ஒரு சோதனை நடத்தியது. காரின் காயில் ஒயர் ஒன்றை வேண்டுமென்றே கழற்றிவிட்டு, 48 மாநிலங்களில் 347 கராஜ்களுக்குக் கொண்டுபோனார்கள். ஒயரைத் திரும்ப மாட்டினால் வேலை முடிந்தது. ஆனால் 63 சதவீத கராஜ்கள் தேவையில்லாத வேலையையோ, செய்யாத வேலையையோ, கூடுதல் கட்டணத்தையோ தலையில் கட்டின. மீதி 37 சதவீதம் பேர் நேர்மையாக நடந்துகொண்டார்கள். எண்பது வருடத்துக்கு முந்தைய, வேறொரு நாட்டுக் கதைதான். ஆனாலும் இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும்: ஏமாற்றுவது எளிதான தொழிலில்கூட மூன்றில் ஒருவருக்கு மேல் ஒயரை மாட்டி ஒழுங்காக அனுப்பியிருக்கிறார்கள். அவர்களைக் கண்டுபிடிப்பதுதான் நம் வேலை.

எந்தப் பிரச்சினைக்கு எந்தக் கடை?

இந்த விஷயத்தில் மேற்குச் சென்னைக்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. பாடியில் 1961-ல் தொடங்கிய லூகாஸ்-டிவிஎஸ், 1964-ல் வந்த அம்பத்தூர் தொழிற்பேட்டை, ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை என்று தலைமுறைகளாக இயந்திரத்தோடு பழகிய பகுதி இது. பூந்தமல்லி நெடுஞ்சாலையோரம் லாரிகளை நம்பியே ஒர்க்‌ஷாப்கள் இருக்கின்றன. கடை நிறைய உண்டு. சரியான வேலைக்குச் சரியான கடையா என்று பார்ப்பதுதான் மிச்சம்.

• கம்பெனி சர்வீஸ் சென்டர்: வாரண்டி இருக்கும் வண்டி, ரீகால், இசியு சாஃப்ட்வேர் வேலைகளுக்கு. செலவு அதிகம், ஆனால் ஜாப் கார்டு, பில் எல்லாம் முறையாக இருக்கும்.
• மல்டி பிராண்டு ஒர்க்‌ஷாப்: வாரண்டி முடிந்த கார்களுக்கு. உங்கள் வண்டிக்கு ஏற்ற ஸ்கேனர் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போங்கள்.
• ரோட்டோர மெக்கானிக் ஷெட்: கார்புரேட்டர் பைக், பிளக், கேபிள், கிளட்ச் வேலைகளுக்கு அனுபவசாலி மெக்கானிக்கை மிஞ்ச ஆளில்லை. இன்ஜெக்‌ஷன் வண்டி என்றால் ஸ்கேனர் இருக்கிறதா என்று பாருங்கள்.
• ஆட்டோ எலக்ட்ரீஷியன்: குழியில் நிற்பது, மழையில் நிற்பது, பேட்டரி இறங்குவது.
• டீசல் பம்ப், நாசில் கடை: டீசல் வண்டியின் இன்ஜெக்டர், பம்ப் வேலைகளுக்கு மட்டும்.

“வெளியே காட்டினால் வாரண்டி போயிடும்” என்ற பயம் பலருக்கும் உண்டு. 2014 ஆகஸ்ட் 25-ல் இந்தியப் போட்டி ஆணையம், உதிரி பாகங்களையும் சோதனைக் கருவிகளையும் வெளிக் கடைகளுக்குக் கிடைக்கவிடாமல் செய்ததற்காக 14 கார் கம்பெனிகளுக்கு 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. வெளியே ரிப்பேர் பார்த்தார் என்பதற்காக மட்டும் மொத்த வாரண்டியையும் ரத்து செய்யக் கூடாது என்றும் அந்த உத்தரவு சொன்னது. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போய்விட்டன. எனவே நடைமுறையில், வாரண்டி காலம் முடியும்வரை எஞ்சின் சம்பந்தப்பட்ட வேலையைக் கம்பெனி சென்டரிலேயே செய்வது பாதுகாப்பு.

நல்ல கடையின் அடையாளம் என்ன?

கூகுளில் ஸ்டார் எண்ணிக்கையை மட்டும் பார்க்காதீர்கள். ஐந்து ஸ்டார் கொடுத்தவருக்கும் மாற்றிய பார்ட் கெட்டிருந்ததா என்று தெரிந்திருக்காது. உங்கள் ஏரியாவில் தினமும் நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டும் ஆட்டோ ஓட்டுநர், டெலிவரி தம்பிகளிடம் கேளுங்கள். வண்டி ஒருநாள் நின்றால் அன்றைய வருமானமே போய்விடும் என்பதால் அவர்கள் திரும்பத் திரும்பப் போகும் கடைக்கு அர்த்தம் உண்டு. முதல்முறை போகும்போது ஆயில் மாற்றுவது, பிரேக் ஷூ போன்ற சின்ன வேலையைக் கொடுத்துப் பார்க்கலாம்.

நல்ல அறிகுறிகள்:

• பார்ட்ஸ் பெயரைச் சொல்லும் முன் “எப்போ நிக்குது? சூடாயிருந்ததா? பெட்ரோல் எங்க போட்டீங்க?” என்று கேள்வி கேட்கிறார்.
• ஓட்டிப் பார்க்கிறார், அல்லது “ஒருநாள் விட்டுட்டுப் போங்க, நிக்கும்போது பார்க்கிறேன்” என்கிறார்.
• மலிவான சாத்தியங்களை முதலில் சோதிக்கிறார்.
• “இது எனக்குப் பிடிபடல, எலக்ட்ரீஷியன்கிட்ட காட்டுங்க” என்று சொல்லத் தயங்குவதில்லை.
• கழற்றிய பழைய பார்ட்டைக் கேட்காமலேயே காட்டுகிறார்.

உஷாராக வேண்டிய அறிகுறிகள்:

• வண்டியைத் தொடும் முன்பே “பம்ப் போச்சு” என்கிறார்.
• ஒரே நேரத்தில் மூன்று நான்கு பார்ட்களை மாற்றச் சொல்கிறார். பிரச்சினை தீர்ந்தாலும் எதனால் தீர்ந்தது என்று யாருக்கும் தெரியாது.
• “இன்னிக்கே செய்யலன்னா எஞ்சினே போயிடும்” என்று பயமுறுத்துகிறார், காரணம் கேட்டால் விளக்குவதில்லை.
• பில் கேட்டால் “எதுக்கு சார், ஜிஎஸ்டி வேற சேரும்” என்று நழுவுகிறார்.

கேட்கத் தயங்க வேண்டாத நான்கு வாக்கியங்கள்

மெக்கானிக்கிடம் அதிகம் தெரிந்ததுபோல் பேச வேண்டியதில்லை. மரியாதையாக இப்படிக் கேட்டால் போதும்:

“அண்ணா, என்ன செக் பண்ணிப் பார்த்தீங்க? அதுல என்ன வந்துச்சு?”

“பார்ட் எவ்வளவு, லேபர் எவ்வளவுன்னு தனித்தனியா எழுதிக் குடுங்க.”

“வேற ஏதாவது மாத்தணும்னா போன் பண்ணிக் கேட்டுட்டுச் செய்யுங்க.”

“பழைய பார்ட்டையும், புதுசோட டப்பாவையும் எடுத்து வைங்க, நான் வாங்கிக்கிறேன்.”

நேர்மையான மெக்கானிக் எவரும் இந்த நான்குக்கும் கோபப்பட மாட்டார். கடைசி வாக்கியம் ரொம்ப முக்கியம். புது பார்ட்டின் டப்பாவில் பார்ட் எண்ணும் எம்.ஆர்.பி.யும் இருக்கும். ஒரிஜினல் விலை வாங்கிக்கொண்டு டூப்ளிகேட் போடுவதைத் தடுக்க அதைவிட எளிய வழி இல்லை. புதுப்பேட்டையில் கிடைக்கும் பழைய பார்ட் போடுவதிலும் தப்பில்லை, அதைச் சொல்லிவிட்டு, அந்த விலைக்குப் போட வேண்டும். அவ்வளவுதான்.

சோதனைக்கென்று கட்டணம் கேட்டால் கொடுங்கள். இரண்டு மணி நேரம் மல்டிமீட்டரை வைத்துத் தேடி, கடைசியில் ஒரு லூஸ் கனெக்டரை அழுத்திவிட்டவருக்கு நாம் “இதுக்கா இவ்வளவு?” என்கிறோம். அதே ஆள் தேடாமல் பம்பை மாற்றியிருந்தால் பல ஆயிரம் கொடுத்திருப்போம். தேடும் உழைப்புக்குக் காசு தர மறுத்தால், பார்ட் விற்றுச் சம்பாதிப்பதைத் தவிர மெக்கானிக்குக்கு வேறு வழி இருக்காது.

ஏமாற்றப்பட்டால் என்ன செய்யலாம்?

முதலில் கடைக்காரரிடமே பேசுங்கள். அதே பிரச்சினை திரும்பி வந்தால், செய்த வேலையை மறுபடி பார்த்துத் தருவது பெரும்பாலான கடைகளில் வழக்கம்தான். மசியவில்லை என்றால்:

• வாட்ஸ்அப்பிலோ கடிதமாகவோ எழுத்துப்பூர்வமாகப் புகாரைச் சொல்லுங்கள். வாய்ப்பேச்சு பிறகு உதவாது.
• தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். கட்டணம் இல்லை.
• மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். 2020 ஜூலை 20 முதல் அமலுக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி, கடை எங்கே இருந்தாலும் நீங்கள் வசிக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம். வேலப்பன்சாவடிக்காரர்களுக்கு அது திருவள்ளூர் மாவட்டம். செலுத்திய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.
• பில் தர மறுப்பதே அந்தச் சட்டத்தில் முறையற்ற வணிக நடவடிக்கைதான்.

இதற்கெல்லாம் அடிப்படை பில், ஜாப் கார்டு, பழைய பார்ட். இவை இல்லாமல் நியாயம் உங்கள் பக்கம் இருந்தும் நிரூபிக்க முடியாது.

போனில் வைத்துக்கொள்ள ஒரு குறிப்பு

வண்டி அடுத்த முறை நின்றால், ஓரம் வந்த பிறகு கீழே உள்ளதை நிரப்பி, மெக்கானிக்குக்கு அப்படியே அனுப்பிவிடுங்கள்.

நின்ற தேதி, நேரம்:
கிளம்பி எத்தனை நிமிடம் ஆகியிருந்தது:
அப்போது என்ன செய்துகொண்டிருந்தேன் (சிக்னல், வேகமெடுத்தல், பாலம், குழி, திருப்பம்):
மழையா, வெயிலா:
டேங்கில் பெட்ரோல் எவ்வளவு, கடைசியாக எப்போது, எங்கே போட்டது:
திணறி நின்றதா, சுவிட்ச் அணைத்ததுபோல் நின்றதா:
மீட்டரில் எந்த லைட் எரிந்தது:
எவ்வளவு நேரம் கழித்து ஸ்டார்ட் ஆனது:
சமீபத்தில் செய்த வேலை:

இதில் ‘திணறி நின்றதா, சுவிட்ச் அணைத்ததுபோல் நின்றதா’ என்ற வரியைத் தவற விடாதீர்கள். திணறி நின்றால் பெட்ரோல், காற்றுப் பக்கம் தேட வேண்டும். சட்டென்று நின்றால் மின்சாரப் பக்கம். இரண்டு மூன்று முறை நின்றதைக் குறித்தால் அதிலேயே ஒரு ஒழுங்கு தெரிய ஆரம்பிக்கும். அந்தக் குறிப்பைப் படித்துவிட்டு உங்களிடம் திரும்பக் கேள்வி கேட்கும் மெக்கானிக் கிடைத்தால், அவருடைய நம்பரைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.